ஏரிக்கு அடியில் அக்டோபர்

ஈரி ஏரிக்குக் கீழே ஆயிரத்து எண்ணூறு அடி.
கரையில் கிளீவ்லாந்து, மைதானத்து விளக்குகள்,
நாற்பதாயிரம் பேரின் தொண்டை.
இங்கே உப்பு.
வெள்ளைகூட இல்லை, சாம்பல் நிறம்.

ஐந்தாவது ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று,
தோற்றால் ஏப்ரல்.
எனக்கோ இரவு ஷிஃப்ட்.
ரேடியோ இவ்வளவு ஆழத்துக்கு இறங்காது.
பிரார்த்தனை ஏறுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

லிஃப்ட் இயக்கும் ஆர்வில் டேட்தான் எங்கள் வர்ணனையாளர்.
சுரங்கத் தொலைபேசியில் கூப்பிட்டு
"பம்ப் அழுத்தம் இரண்டு, ஒன்று" என்பார்.
நாம் இரண்டு, அவர்கள் ஒன்று.
பம்பே இல்லாத பகுதியில் அழுத்தம் ஏது என்று
சூப்பர்வைசர் ஹெகெடூஷ் ஒருநாளும் கேட்டதில்லை.
ஒட்டுக்கேட்க மட்டும் வந்து நிற்பார்.

ஆறாவது இன்னிங்ஸில் ஆர்வில் சங்கேதத்தை மறந்தார்.
"டோரீன், பையனை எடுத்துவிட்டார்கள்."

பையன் என்றால் எங்கள் இடக்கை பிட்சர்.
எழுபத்தெட்டே பந்து வீசியிருந்தான்.
எழுபத்தெட்டு!
என் மாமியார் அவ்வளவு தடவை
கேட்டைப் பூட்டினாயா என்று கேட்பாள், ஒரே சாயங்காலத்தில்.

மேனேஜர் கையில் ஒரு தாள் உண்டு.
மூன்றாம் முறை அதே மட்டைக்காரனைச் சந்தித்தால்
பிட்சர் தேய்வான் என்று அதில் இருக்கும்.
தாள் பொய் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் தாளுக்கு வியர்க்காது.
இருபத்தொரு வருடமாக லோடர் ஓட்டுகிறேன்;
கூரை நெரியப்போவதைக் கருவிக்கு முன்னால்
என் பின்கழுத்து சொல்லியிருக்கிறது.
(சொல்லாமல் விட்டதும் உண்டு. அது வேறு கதை.)

எட்டாவதில் தொலைபேசி அடித்தது.
ஆர்வில் பேசவில்லை. மூச்சு மட்டும்.
"பம்ப் அழுத்தம்?" என்றேன்.
"பம்பே இல்லையே, டோரீன்."

ஹெகெடூஷ் தொப்பியைக் கழற்றி
விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.
தாளைத் தின்றவன் எதைக் குடிப்பான்?
யாரிடம் கேட்பது. வாளி நிறைந்தது, பெல்ட் ஓடியது.

காலையில் மேலே வந்தால் கார் நிறுத்துமிடத்தில்
ரெனாட்டா ஃபுட்பால் ஜெர்சியோடு நிற்கிறாள்.
பிணம் இன்னும் ஆறவில்லை, அதற்குள் புது மாப்பிள்ளை!
"ஞாயிறு வருகிறது" என்கிறாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

ஃபுட்பாலைப் பற்றியும் எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை.
கால் படுவதே அபூர்வமான பந்துக்கு அந்தப் பெயர்,
அது போகட்டும்.
பேஸ்பால் என்பது குடும்பம் நடத்துவது:
நூற்று அறுபத்திரண்டு நாள், பாதி நாள் உப்புச்சப்பில்லாமல்,
வானொலி முணுமுணுக்க நான் உருளைக்கிழங்கு உரிப்பேன்.
ஃபுட்பால் ஞாயிறுக்கு ஞாயிறு கல்யாணம்.
எங்கள் ஊரில் பெரும்பாலும் கருமாதி.
நான்காவது டவுனில், இரண்டு கஜம் பாக்கியிருக்க,
பந்தை உதைத்துத் திருப்பித் தருகிற கோழைகள்!
அங்கே மட்டும் தாள் "போ" என்கிறது,
இவர்கள் போகமாட்டார்கள்.
அங்கே நான் தாளின் கட்சி.
ஆமாம், மாற்றித்தான் பேசுகிறேன்.
ரசிகைக்குக் கொள்கை எதற்கு?

பையன் கடைசியில் என்ன செய்தான் என்று
ரெனாட்டாதான் சொன்னாள்:
தோற்றபின் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்,
அவன் மட்டும் வேலியோரம் உட்கார்ந்து
ஷூவின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தானாம்.
அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.
காற்று, என்றேன். ஏரிக் காற்று.

டிசம்பரில் பனி கொட்டும்.
நேற்றிரவு நான் அள்ளிய உப்பைத்தான்
ஃபுட்பால் மைதானத்துப் படிகளில் தூவுவார்கள்.
வழுக்காமல் ஏறுங்கள்,
வழுக்காமல் இறங்குங்கள்,
நடுவில் தோற்பது
உங்கள் பாடு.